உரிப்பொருள் எங்கே? சொந்தமாக வெளியிடப்பட்ட மூன்று அறிவியல் நாவல்களை முன்வைத்து

அறிவியல் புனைகதை எனக்கு அவ்வளவாக ஒத்துவராத இலக்கிய வகை. வெறுப்பில் இதைச் சொல்லவில்லை. சிலருக்குப் பலாப்பழம் ஒத்துவராது, அதுபோலத்தான். விண்கலம் புறப்படுகிற முதல் அத்தியாயத்திலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எந்திரத்தின் உறுப்புகளை விவரிக்கிற பக்கங்களைப் பொறுமையாகத் தாண்டிப் போனாலும் அழவோ சிரிக்கவோ அங்கே ஓர் ஆள் இருக்கமாட்டார். இருந்தாலும், அந்த எந்திரத்தை எமக்கு விளங்கப்படுத்துவதற்காக நிறுத்திவைக்கப்பட்ட ஆளாகவே இருப்பார்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்தக் குறையைச் சொல்ல வசதியான ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறார். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கரு. அங்கே வாழ்கிற மனிதரின் உணர்வு உரி. இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை, உரியே தலையாயது என்பது உரைமரபு. அறிவியல் புனைகதையில் முதலுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க் கிரகம், இன்னும் ஐந்நூறு வருடத்துக்குப் பிந்திய காலம் என்று எதுவும் கிடைக்கும். கருவும் தாராளம். உரியைத் தேடப் போனால்தான் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

பெரிய பெயர்களிடமும் இதே கதைதான். ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டில் வாழ்ந்தவர். 1979இல் வெளியான அவருடைய 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவல் எங்கள் தீவைத் தப்ரபேன் என்று பெயர் மாற்றி, சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி, பூமத்திய கோட்டில் கொண்டுபோய் வைக்கிறது. நாம் பாவா ஆதம் மலை என்று சொல்கிற மலையின் சாயலில் அமைந்த ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுவதே கதை. எனக்கு அந்த மின்தூக்கி நினைவில் நிற்கவில்லை. உச்சியை ஒருபோதும் எட்டமாட்டா என்று நம்பப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் ஒரு நாள் எட்டிவிடுகின்றன. பழைய வாக்குப் பலித்துவிட்டது என்று துறவிகள் மலையை விட்டு இறங்குகிறார்கள். அந்த ஓரிடம்தான் நெஞ்சில் நின்றது. இத்தனை பெரிய நாவலில் உரிப்பொருள் வந்து போகிற இடம் அவ்வளவே.

இந்த மனநிலையோடுதான் அண்மையில் மூன்று ஆங்கில நாவல்களை வாசித்தேன். காரணம் உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள். "டீச்சர், செவ்வாயில் உண்மையாவே கிழங்கு முளைக்குமா?" என்று கேட்கிற பிள்ளைக்குக் குறுந்தொகையை மட்டும் காட்டிச் சமாளிக்க முடியாது. மூன்று நாவல்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றை எழுதியவர்களே முதலில் வெளியிட்டார்கள்.

சொந்த வெளியீடு என்பது

மேல்நாட்டில் இதைச் சுயாதீன வெளியீடு என்று ஒரு புதுமைபோலப் பேசுகிறார்கள். எங்களுக்கு இதில் என்ன புதுமை? இலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் புத்தகம் போடுகிறார்கள். எழுதியவரே அச்சகத்துக்கு அலைவார், அவரே காசு கட்டுவார், வெளியீட்டு விழாவுக்கு அவரே அழைப்பிதழ் கொடுப்பார். விழாவில் முதற்பிரதி பெற ஒரு புரவலர் வருவார். மீதிப் பிரதிகள் வீட்டு அலுமாரியில் இருந்து கறையான் கட்டும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே மின்நூல் வந்த பிறகு அலுமாரி தேவைப்படவில்லை, வாசகர் நேரே எழுத்தாளரின் வாசலுக்கு வந்தார்.

அதனால் எழுத்தில் என்ன மாறியது என்பதே விமர்சனத்துக்குரிய கேள்வி. பதிப்பாசிரியர் இல்லாத இடத்தில் பிழைகள் பெருகும், நீளம் கூடும். இம்மூன்று நூல்களிலும் அது உண்டு. மறுபக்கத்தில், சந்தைக்கு எது போகும் என்று சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் ஓர் எழுத்தாளர் தன்னை உண்மையில் உறுத்துகிற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகலாம். அந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானதோ அவ்வளவுக்குத்தான் உரிப்பொருள் கிடைக்கும்.

செவ்வாயில் கிழங்கு

அன்டி வெயர் கணினி நிரலாளர். முந்திய எழுத்துக்களுக்குப் பதிப்பாளர் கிடைக்காத நிலையில், 2009 தொடக்கம் 'த மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தனது இணையப் பக்கத்தில் இலவசமாகவே போட்டார். விஞ்ஞானம் படித்த வாசகர்கள் கணக்குப் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்தினார். வாசகர்கள் கேட்டதால் 2011இல் கிண்டில் நூலாக்கி, அங்கு அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த விலையான 99 சதத்துக்கு விற்றார். 2014இல் பெரிய பதிப்பகம் வந்தது, 2015இல் ரிட்லி ஸ்கொட்டின் திரைப்படம் வந்தது.

கதை எளிது. மார்க் வொட்னி என்ற தாவரவியலாளர் செத்துவிட்டார் என்று நினைத்து, கூட வந்தவர்கள் அவரைச் செவ்வாயில் விட்டுப் போகிறார்கள். அவர் மனித மலத்தை உரமாக்கி, ஹைட்ரசீன் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுத்து, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிரைப் பிடித்துக்கொள்கிறார். சும்மா சொல்லக்கூடாது, வாசிக்க விறுவிறுப்பானது. ஒரு கஷ்டம், அதற்கொரு கணக்கு, கணக்குப் பிழைத்தால் அடுத்த கஷ்டம். தொடராக வந்ததன் சுவடு இது. கணக்கில் கண்ணாயிருந்த அந்த வாசகர்களால் திருத்த முடியாமல் போனது கதையின் அத்திவாரம்தான். செவ்வாயின் வளி பூமியினுடையதில் நூறிலொரு பங்கு அழுத்தம்கூட இல்லாதது. அங்கே ஆளைத் தூக்கி வீசுகிற புயல் அடிக்காது. வெயரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கதைக்குப் புயல் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாலை நிலத்தை ஆக்கிய புலவர்களும் வெப்பமானி வைத்துப் பாடவில்லை.

என் குறை வேறு. 549ஆம் செவ்வாய் நாள்வரை ஒரு மனிதன் ஒரு கிரகத்திலேயே தனியாக இருக்கிறான். தாய் தகப்பனை அவன் நினைக்கிற இடங்கள் மிகச் சில. தனிமை வரும்போதெல்லாம் ஒரு பகிடி விட்டு அதைத் தாண்டிவிடுகிறான். பகிடிக்குப் பின்னால் ஏதாவது நடுங்குகிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் இப்னு துபைல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டு அந்தலூசிய மருத்துவரான அவருடைய 'ஹய் இப்னு யக்ளான்' கதையிலும் ஒரு மனிதன் ஆளில்லாத தீவில் தனியே வளர்கிறான். அவனுக்குப் பாலூட்டி வளர்த்த மான் ஒரு நாள் இறந்துவிடுகிறது. எங்கேயோ பழுது இருக்கிறது, கண்டுபிடித்து நீக்கினால் தாய் எழும்பிவிடுவாள் என்று எண்ணி அவன் அதன் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. அதில் குடியிருந்தது போய்விட்டது என்று விளங்குகிறது. அந்தப் பையனின் உடற்கூற்றியல் அங்கே பிறக்கிறது. அறிவும் அழுகையும் ஒரே கணத்தில் பிறக்கிற அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வொட்னியின் கிழங்குத் தோட்டம் கெட்டித்தனமான ஒரு பரிசோதனையாகவே நிற்கிறது.

நிலத்தடியில் ஒரு திரை

ஹியூ ஹோவியின் 'வூல்' வேறு ரகம். 2011 ஜூலையில் அவர் இதை ஒரு சிறு கதையாக மட்டும் 99 சதத்துக்கு வெளியிட்டார். வாசகர்கள் தொடர்ச்சி கேட்டதால் இன்னும் நான்கு பகுதிகள் எழுதி 2012இல் ஒரே நூலாக்கினார். பிறகு பெரிய பதிப்பகம் வந்தபோது அச்சு உரிமையை மட்டும் கொடுத்து, மின்நூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2023இல் இது 'சைலோ' என்ற தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

நிலத்துக்கடியில் 144 மாடிகள். நடுவிலே ஒரேயொரு சுழல் படிக்கட்டு. மின்தூக்கி கிடையாது. கணினியில் செய்தி அனுப்பக் காசு அதிகம் என்பதால் சுமைதூக்கிகளிடம் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். எவர் எந்த மாடியில் வாழ்கிறார் என்பதே அவருடைய தொழிலையும் தகுதியையும் சொல்லிவிடும். இதுதான் கரு. ஹோவி இதை விளக்கிப் பாடம் நடத்துவதில்லை. வயதான நகர முதல்வர் ஒருவரைப் படியிறங்க விட்டு, அந்த முழங்கால் வலியாலேயே முழுச் சமுதாயத்தையும் காட்டிவிடுகிறார். இப்படிக் கரு உரியோடு ஒட்டுவதைத்தான் நான் இவ்வகைக் கதைகளில் தேடித் தேடிக் காணாமல் இருந்தேன்.

மேல்தளத்தில் ஒரு பெரிய திரை. வெளியுலகம் சாம்பல் பூத்துச் செத்துக் கிடப்பதை அது காட்டுகிறது. வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதே அங்கே பெருங்குற்றம். தண்டனையும் அதுவே: கேட்டவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். போகிறவர் கையிலே ஒரு கம்பளித் துண்டு. கமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சாக வேண்டும். துடைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிப் போனவர்களும் வெளியே போனதும் துடைத்துவிடுகிறார்கள். ஏன்?

முதற் கதையின் நாயகனான பொலிஸ் அதிகாரி ஹோல்ஸ்டன், மூன்று வருடங்களுக்கு முன் மனைவி அலிசன் போன வழியில் தானும் போகும்போதுதான் எமக்கு விடை தெரிகிறது. தலைக்கவசத்தின் கண்ணாடியில் பச்சைப் புல்லும் நீல வானமும் தெரிகின்றன. உலகம் உயிரோடு இருக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கு இதைக் காட்டியே தீரவேண்டும் என்ற தவிப்பில் துடைக்கிறார்கள். ஆனால் பொய் அந்தக் கண்ணாடியில்தான். வெளியே உண்மையிலேயே நஞ்சு. கவசத்தைக் கழற்றியபோதுதான் ஹோல்ஸ்டனுக்கு அது விளங்குகிறது, மனைவியின் உடலும் அருகிலேயே கிடக்கிறது.

இதை வாசித்து முடித்து நூலை மூடிவைத்துவிட்டேன். ஒரு ஆட்சி மனிதரின் பயத்தைப் பயன்படுத்துவது பழைய விசயம். இங்கே அது மனிதரிடம் மிஞ்சியிருக்கிற நல்லதை, மற்றவருக்கும் உண்மை தெரியட்டும் என்ற ஆசையை, பொறியாக வைக்கிறது. எங்கள் ஐந்திணையில் இந்த உணர்வுக்குப் பெயர் இல்லை. இல்லாததற்கும் காரணம் உண்டு, அந்த நிலம் அப்போது இருக்கவில்லை. புதிய முதல், புதிய கரு, அவற்றிலிருந்து பிறந்த ஒரு புதிய உரி. அறிவியல் புனைகதை இலக்கியமாகிற இடம் எனக்கு இங்கேதான் தெரிந்தது.

பின்பகுதிகளில் நூல் தளர்கிறது. துரத்தல்கள் நீள்கின்றன. தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவனாக வருகிற பெர்னாட் வழமையான வில்லன்தான். ஆனாலும் ஒரு நுணுக்கம் மறக்காது. வெளியே அனுப்பப்படுகிறவரின் கவச உடையை ஒட்டுகிற நாடா சீக்கிரம் உருகிவிடும்படி தரங்குறைத்தே செய்யப்படுகிறது. கீழ்த்தளத்து இயந்திரத் தொழிலாளியான ஜூலியட்டை அனுப்பும்போது களஞ்சியப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் சத்தமில்லாமல் நல்ல நாடாவைக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் கமராவைத் துடைக்கவில்லை, மலையைத் தாண்டி நடந்துவிடுகிறாள். ஒரு ஆட்சியின் பொய் முறிவது பிரசங்கத்தால் அல்ல, யாரோ பெயர் தெரியாதவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததால். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிற திருப்பம் எங்கள் தலைமுறையை அதிரவைத்தது. ஹோவி அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: அந்தப் பிம்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிற கைகள் யாருடையவை?

எங்கள் ஊரிலிருந்து ஓர் எண்

மூன்றாவது நாவல் எங்கள் நாட்டவருடையது. யுதாஞ்ஜய விஜேரத்ன 2017இல் 'நம்பர்காஸ்ட்' நாவலைச் சொந்தமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே இந்தியப் பெரும் பதிப்பகம் ஒன்று அவருடைய வேறொரு நாவலைக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டுக்கான நெபியூலா விருதின் இறுதிப் பட்டியலிலும், இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய குறுநாவலுக்காக, அவர் இடம்பெற்றார்.

2030களில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. பட்ரிக் உடோ என்ற இளைஞனுக்கு நம்பர்கோர்ப் என்ற நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. அந்த நிறுவனம் ஒவ்வொருவரின் சமூக வலைத்தளத் தரவுகளையும் அலசி ஓர் எண் கொடுக்கிறது. உனக்கு யாரைத் தெரியும், அவர்களுக்கு நீ எவ்வளவு முக்கியம், அரசுக்கு நீ எவ்வளவு பிரயோசனம் என்பவற்றின் கூட்டுத்தொகை அது. வீடு, படிப்பு எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தே கிடைக்கும். எண்ணும் சாதியும் சேர்ந்த தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

கலைநயத்தில் மூன்றிலும் பின்தங்கியது இதுதான் என்பதை மறைக்கத் தேவையில்லை. இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் பல இடங்களில் கதையை ஓரங்கட்டுகிறது. நல்லதொரு பதிப்பாசிரியர் இருந்திருந்தால் பல பக்கங்கள் குறைந்திருக்கும். ஆனால் கதைசொல்லியைத் தேர்ந்த விதம் கெட்டித்தனமானது. பட்ரிக் எதிர்த்துப் போராடுகிறவனல்ல. உள்ளே வேலை செய்து சம்பளம் வாங்குகிறவன். ஜூலியஸ் கொமன் என்ற நிறுவுநரின் கனவில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தீமை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நியாயமாகிப் போவதை அவன் வாயாலேயே கேட்கிறோம்.

எங்கள் வாசகருக்கு இது அந்நியமான உலகமா? ஐந்தாம் தரத்திலேயே பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி. உயர்தரம் முடிந்ததும் இசட் புள்ளி, மாவட்ட நிலை. பிறகு வேலை தேடப் போனால் "ஆரைத் தெரியும்?" என்ற கேள்வி. இங்கே எழுதாத கணக்காக நடப்பதை விஜேரத்ன கணினியில் ஏற்றிக் காட்டுகிறார், அவ்வளவே. ஆசிரியர்களாகிய நாங்களும் பட்ரிக்குகள்தானா என்ற கேள்வி எனக்குள் இன்னும் ஓயவில்லை.

எம்மைப் பற்றி எழுதப்பட்ட கதைகள்

இனி ஒரு விசயத்தைக் கொஞ்சம் திறந்து பேசலாம். அறிவியல் புனைகதை எமக்குத் தேவையில்லாத மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் எங்களுக்குள் நிறைய. ஆனால் எம்மைப் பற்றி அறிவியல் புனைகதைகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையின் உணவில் மலட்டு மாத்திரை என்றொரு கதை. அப்படியொரு மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் உடைக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் திகன எரிந்தது. 2019இல் ஒரு வைத்தியர் சத்திரசிகிச்சையின்போது ஆயிரக்கணக்கான தாய்மாரை மலடாக்கினார் என்று இன்னொரு கதை. புலனாய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தின் எண்ணைக் காட்டிப் பயமுறுத்திய கதைகள் இவை. 2020இல் வந்தது மூன்றாவது: கொவிட்டால் மௌத்தானவரை அடக்கினால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும். உலக சுகாதார அமைப்பு அடக்கத்தை அனுமதித்திருந்தும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்து, ஓட்டமாவடி மஜ்மா நகரில் கபுறுகள் தோண்டப்பட்டன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மூன்று கதைகளிலும் முதல் உண்டு, கரு உண்டு, வெள்ளை மேற்சட்டை போட்ட விஞ்ஞானமும் உண்டு. 'வூல்' நாவலில் செத்தவர்களைத் தோட்ட மண்ணிலேயே அடக்குகிறார்கள், உயிரோடிருப்பவர்களின் உணவு அந்த மண்ணில்தான் விளைகிறது. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் அடக்கமில்லை, அவர்கள் திரைக்கு முன்னால் மலையடிவாரத்தில் கிடப்பார்கள். 2020ஐக் கண்ட முஸ்லிம் வாசகர் ஒருவர் அந்தப் பக்கத்தை அமெரிக்க வாசகரைப்போல வாசித்துவிட்டுப் போக முடியாது.

அந்த நாட்களில் எங்கள் கவிஞர்கள் நிறைய எழுதினார்கள். கபன் துணியும் நெருப்பும் வந்த கவிதைகள் தேவையானவை, அவை எங்கள் கண்ணீரைச் சேமித்து வைத்தன. ஆனால் இரங்கற்பா பொய்யின் பொறிமுறையைக் கழற்றிக் காட்டாது. திரை யாருடையது, நாடாவைத் தரங்குறைத்தவர் யார் என்று கேட்பதற்கு வேறொரு வடிவம் வேண்டும். விஞ்ஞானத்தின் பெயரால் பொய் சொல்லப்பட்ட சமூகத்துக்கு, விஞ்ஞானத்தைக் கதைக்குள் வைத்து விசாரிக்கிற இலக்கியம் ஆடம்பரமல்ல.

இதற்கு முன்மாதிரியும் எங்களிடமே இருக்கிறது. வங்கத்து முஸ்லிம் பெண் றொக்கையா சகாவத் ஹுசைன் 1905இல் 'சுல்தானாவின் கனவு' கதையை எழுதியபோது அதை வெளியிட்டது சென்னையிலிருந்து ஒரு பெண் நடத்திய சிறு சஞ்சிகை. அக்கதையில் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேகரித்துப் படையெடுப்பை முறியடிக்கிறார்கள், வானத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள். பெரிய பதிப்பகமும் பெரிய பணமும் இல்லாமல், ஒரு பெண்ணின் நியாயமான கோபம் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. உரிப்பொருள் அங்கே தொடக்கத்திலேயே இருந்தது.

இப்போதும் விண்கலம் புறப்பட்டால் எனக்குக் கொட்டாவி வரும்தான். ஆனால் ஒரு கதையை வாசிக்க ஆவலாக இருக்கிறேன். நிலத்தடி நீர் பற்றிப் பேசப்பட்ட அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தும் தலையாட்டிக் கையெழுத்து வைத்த ஒரு நிபுணர் இருந்தார் என்று வையுங்கள். அன்றிரவு அவர் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் ஒரு கோப்பைத் தண்ணீர் அள்ளிக் குடித்திருப்பார். அந்த ஒரு கோப்பைத் தண்ணீரின் கதை. எங்கள் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளில் யாராவது அதை எழுதட்டும். பதிப்பாளர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எங்களுக்கு அது பழக்கமானதுதானே.